காணி விளையாட்டு: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் காணி விளையாட்டு. உங்கள் வீட்டில் வேறு பெயர் இருக்கலாம். வேண்டியது சதுரக்கோட்டுக் கொப்பித் தாள் ஒன்று, லூடோ கட்டை இரண்டு, நீலப் பேனை ஒன்று, சிவப்புப் பேனை ஒன்று. அவ்வளவுதான். அக்காவின் மகளும் மகனும் ஒரு விடுமுறை முழுக்க இதையே ஆடினார்கள். நானும் அவர்களோடு பாயில் இருந்து ஆடினேன். ஆடி முடித்த தாள்களை எறியாமல் சேர்த்துவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், எல்லோரும் ஏறக்குறைய அதே ஐந்தாறு இடங்களில்தான் பிழை விடுகிறோம் என்று தெரிந்தது. அவற்றை அறிகுறிப்படி கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் முறைப்பாடு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள். மற்றப் பிழைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நாங்கள் ஆடும் விதி. தாளில் 20க்கு 20 என்று பெரிய சதுரம் ஒன்று கீறுங்கள், மொத்தம் 400 கட்டம். ஒருவருக்குக் கீழ் இடது மூலை, மற்றவருக்கு மேல் வலது மூலை. முறை வந்ததும் இரண்டு கட்டையையும் சேர்த்து எறிய வேண்டும். 3உம் 5உம் விழுந்தால் 3×5 செவ்வகம் ஒன்றைத் தன் நிறப் பேனையால் கீறலாம். நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம். முதல் செவ்வகம் மூலையைப் பிடிக்க வேண்டும். பிறகு வருவதெல்லாம் தன் காணியின் பக்கத்தோடு ஒரு கட்டத்தின் அளவாவது ஒட்டியிருக்க வேண்டும். பிடித்த காணியை யாரும் பறிக்க முடியாது. வைக்க இடம் இல்லையென்றால் பாஸ். இருவரும் தொடர்ந்து மும்மூன்று தரம் பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. கூடக் கட்டம் வைத்திருப்பவர் வென்றார்.

அறிகுறி: "இடம் கிடக்கு மாமா, வைக்கத்தான் ஏலாமல் கிடக்கு"

இதுதான் ஆகக் கூடுதலாக வரும் முறைப்பாடு. ஆட்டத்தின் முதல் பாதியில் முன்னால் நிற்பார்கள், தாளில் வெள்ளையாக இடமும் தெரியும். ஆனால் கட்டை விழ விழ பாஸ், பாஸ் என்றே போகும். மருமகள் ஒரு நாள் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அவளுடைய நீலக் காணிக்கும் தாளின் இடது விளிம்புக்கும் நடுவில் ஒரு கட்டம் அகலம், 14 கட்டம் நீளத்தில் ஒரு கீற்று மிச்சம் கிடந்தது. அவளைத் தவிர யாரும் அதற்குள் வர முடியாது. ஐந்து தரம் எறிந்தாள்: 5-6, 4-4, 3-6, 5-5, 2-6. எறிதல் ஒவ்வொன்றும் நல்ல பெரிய எறிதல். ஒன்றைக்கூட அந்தக் கீற்றில் வைக்க முடியவில்லை. கடைசியில் 9 கட்டத்தில் தோற்றாள்.

"எனக்கு ஒண்டு விழுந்திருந்தால் காணும்" என்றாள். உண்மைதான், ஆனால் ஒன்று எத்தனை தரம் விழும் என்று பார்ப்போம். இரண்டு கட்டை விழக்கூடிய விதம் 36. அதில் ஒரு கட்டையிலாவது 1 இருப்பது 11 விதத்தில் மட்டுமே. ஐந்து எறிதலிலும் ஒன்றே வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 16 சதவீதம். அதாவது இப்படி ஐந்து தரம் எறிந்தால், ஏறக்குறைய ஆறில் ஒரு தரம் இது நடக்கும். அவளுக்கு நடந்ததைத் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கீற்றை மிச்சம் விட்டதுதான் பிழை.

நாங்கள் இந்த ஒரு கட்டக் கீற்றுக்கு ஒழுங்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் ஊர் ஒழுங்கையில் சைக்கிள் போகும், லொறி போகாது. அதே கணக்குத்தான் இங்கேயும். போதிய நீளம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கீற்றின் அகலம் 1 என்றால் 36இல் 11 எறிதல் பொருந்தும். அகலம் 2 என்றால் 20. அகலம் 3 என்றால் 27, அதாவது நாலில் மூன்று. அகலம் 4 என்றால் 32. அகலம் 5க்கு 35, இரண்டு ஆறு மட்டும் வெளியே நிற்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 1இலிருந்து 2க்கும், 2இலிருந்து 3க்கும் ஏறும்போது நிறைய லாபம், 4க்குப் பிறகு அவ்வளவு இல்லை. ஆகவே மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒட்டி வை, இல்லாவிட்டால் நாலு விட்டு வை. மூன்றும் பரவாயில்லை. ஒன்றும் இரண்டும் வேண்டாம்.

செய்முறை இப்படி. கட்டை விழுந்ததும் பேனையை எடுக்காதீர்கள். பென்சில் முனையால், வைக்கப் போகும் செவ்வகத்துக்கு அப்பால் எத்தனை கட்டம் மிஞ்சும் என்று எண்ணுங்கள். உதாரணமாக, உங்கள் காணிக்கும் விளிம்புக்கும் நடுவில் 7 கட்டம் இருக்கிறது, 6-2 விழுந்திருக்கிறது. ஆறை விளிம்புப் பக்கம் நீட்டினால் ஒரு கட்டம் மிஞ்சி ஒழுங்கையாகிவிடும். அதையே திருப்பி, இரண்டை அந்தப் பக்கம் வைத்தால் 5 மிஞ்சும். இரண்டிலும் கிடைப்பது அதே 12 கட்டம்தான். ஆனால் ஒன்று உங்கள் அடுத்த பத்து எறிதலைக் கெடுக்கும், மற்றது கெடுக்காது. பிள்ளைகள் முதல் வாரத்தில் எறிந்த கையோடு கீறிவிடுவார்கள். எண்ணிப் பார்க்கிற இந்த மூன்று விநாடிப் பழக்கம் வந்த பிறகு இரண்டு பேருமே என்னை வெல்லத் தொடங்கினார்கள்.

ஒழுங்கைக்கு அடுத்த எதிரி கிணறு. நாலு பக்கமும் மூடிய சதுரக் குழியைத்தான் அப்படிச் சொல்கிறோம். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், ஏமாற்றிவிடும். 3×3 கிணற்றில் 9 கட்டம் உண்டு, ஆனால் அதில் இறங்க இரண்டு கட்டையுமே மூன்றோ அதற்குக் குறைவோ விழ வேண்டும். அது 36இல் 9 தரம்தான். 1×6 ஒழுங்கையில் 6 கட்டம்தான் உண்டு, அதற்கோ 11 தரம் வாய்ப்பு. 4×4 கிணற்றுக்கு 16 தரம், 12 கட்டம் மட்டுமே உள்ள 2×6 கீற்றுக்கு 20 தரம். அந்த 12 கட்டக் கீற்று 16 கட்டக் கிணற்றைவிட நல்லது என்று எனக்கே முதலில் நம்பக் கஷ்டமாக இருந்தது. 36 விதத்தையும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஒரு தரம் நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள், கை சொல்லித்தருவதை மனம் மறக்காது. ஆகவே மிச்சம் விட்டே ஆக வேண்டும் என்றால் நீளமாக விடுங்கள், சதுரமாக விடாதீர்கள்.

ஏற்கெனவே ஒழுங்கை விழுந்துவிட்டதென்றால்? அதைத் துண்டு துண்டாகக் கெடுக்காதீர்கள். 1-1 விழுந்தால் ஒழுங்கையின் நடுவில் வைக்க வேண்டாம், ஓரத்திலிருந்து நிரப்புங்கள். 14 நீளம் இருந்தால் 1-6, 1-5 எல்லாம் இன்னும் உள்ளே போகும். நடுவில் ஒரு புள்ளி வைத்தீர்களானால் இரண்டு குட்டி ஒழுங்கைதான் மிஞ்சும்.

அறிகுறி: "குறுக்கே வேலி போட்டுவிட்டான், நான் மூலைக்குள்ளேயே"

ஆட்டத்தின் நாலாவது, ஐந்தாவது எறிதலுக்குள் இது நடந்துவிடும், ஆனால் பத்தாவது எறிதலில்தான் உங்களுக்குத் தெரியவரும். காரணம் எப்போதும் ஒன்றுதான். மூலையில் குண்டாகக் கட்டியிருப்பீர்கள். 6-6 விழுந்தது, மூலையில் வைத்தேன். 5-4 விழுந்தது, அதன் பக்கத்தில் ஒட்டினேன். ஒழுங்கையே விடவில்லை, வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு எதிராளி இன்னும் இருபது எறிதலுக்கு வரப்போவதில்லை. வராத இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் வேலி அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். முதலில் கிளுவையோ பூவரசோ கதியால், அதாவது வேலித் தடி, வெட்டி எல்லை நீளத்துக்கு நட்டுவிடுவார்கள். ஓலையோ கிடுகோ பிறகுதான் கட்டுவார்கள். கதியால் நட்ட அன்றே எல்லை எது என்று அயலுக்குத் தெரிந்துவிடும். இந்த ஆட்டத்திலும் முதல் எட்டு எறிதல் கதியால் நடுகிற வேலை, பிறகு வருவது ஓலை கட்டுகிற வேலை.

எப்படி நடுவது என்றால், புதிய செவ்வகத்தைப் பழையதோடு ஒரு கட்டம் மட்டும் ஒட்டும்படி, குறுக்கே மேல் நோக்கித் தள்ளி வையுங்கள். மூலையிலிருந்து நடுவுக்குப் போக, பக்கவாட்டில் 10, மேலே 10, மொத்தம் 20 கட்டம் நகர வேண்டும். இரண்டு கட்டையின் கூட்டுத்தொகை சராசரி 7. முதல் எறிதல் 7ஐத் தரும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒட்டுவதற்கு ஒரு கட்டம் போய் 6 தரும். ஆக மூன்று எறிதலில் 19, நடு வந்துவிடுகிறது. மூலையில் குண்டாகக் கட்டுபவருக்கு அங்கே வர ஆறேழு எறிதலாவது வேண்டும்.

நடுவைப் பிடித்ததும் இரண்டு கையையும் விரியுங்கள். நீங்கள் கீழ் இடது மூலைக்காரர் என்றால் ஒரு கை நேரே மேல் விளிம்புக்கு, மற்றக் கை நேரே வலது விளிம்புக்கு. இரண்டும் போய்ச் சேர்ந்தால் எதிராளி தாளின் கால்வாசிக்குள், 100 கட்டத்துக்குள் அடைபடுவார். அவரும் இதையேதான் செய்யப் பார்ப்பார். ஆகவே அவருடைய நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் கையை முதலில் நீட்ட வேண்டும். இரண்டு கட்டையில் பெரியது சராசரியாக 4.5 வரும். 10 கட்டம் போக இரண்டு எறிதல், மிஞ்சினால் மூன்று. இந்த வேளையில் செவ்வகத்தின் நீளமான பக்கம் எப்போதும் கை நீளும் திசைக்குத்தான். பரப்பளவைப் பார்த்து மயங்கக்கூடாது. 6-1 விழுந்தால் வெறும் ஆறு கட்டம்தானே என்று பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். வேலி போடுகிற நேரத்தில் அதைவிட நல்ல எறிதல் கிடையாது.

வேலியில் பொட்டு, அதாவது திறந்த இடைவெளி, விழுந்தால் உடனே அடைக்க வேண்டும். ஒரு கட்டப் பொட்டு வழியாக எதிராளி நுழைய 36இல் 11 வாய்ப்பு, இரண்டு கட்டப் பொட்டு என்றால் 20. முதல் தலைப்பில் உங்களை வாட்டிய அதே எண்கள் இங்கே உங்களுக்குக் காவல். ஒரு கட்டப் பொட்டை ஒரு முறை விட்டுவைக்கலாம், அதற்குள் வேறு அவசர வேலை இருந்தால். இரண்டு கட்டப் பொட்டை விடக்கூடாது.

நீங்கள்தான் உள்ளே அடைபட்டவர் என்றால், அடைபட்ட இடத்தை நிரப்பத் தொடங்காதீர்கள். முதலில் எதிராளியின் வேலியைச் சுற்றிப் பொட்டுத் தேடுங்கள். பொட்டு இருந்தால் உங்கள் காணியின் நுனி அதை ஒட்டி நிற்கும்படி வைத்துக் காத்திருங்கள். உள்ளே கிடக்கும் இடம் எங்கும் ஓடாது, பொட்டு அடுத்த முறைக்குள் மூடிவிடும். பொட்டே இல்லையென்றால் முதல் தலைப்புக்குப் போய், இருக்கிற நூறு கட்டத்தையும் ஒழுங்கை விழாமல் நிரப்புங்கள். மருமகன் ஒரு தரம் அப்படி நிரப்பி, வெளியே சிதறலாகக் கட்டிய என்னை 20 கட்ட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டான்.

அறிகுறி: "எனக்கு மட்டும் ஒண்டும் ரெண்டுமாய் விழுது"

முதலில் கட்டையைச் சந்தேகிக்க வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். ஒரு எறிதலின் சராசரி 12.25 கட்டம். 16 எறிதலுக்கு 196. ஆனால் சராசரி சராசரிதான். இருவரும் 16 தரம் எறிந்தால், கட்டையின் போக்கால் மட்டும் 50 கட்டத்துக்கு மேல் வித்தியாசம் மூன்று ஆட்டத்தில் ஒன்றில் வரும். ஆக ஒரு ஆட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொடர்ந்து நாலைந்து ஆட்டம் ஒருவருக்கே சிறிதாக விழுகிறது, அதுவும் கட்டையை மாற்றிக்கொண்டாலும் அந்தக் கட்டையோடேயே பிழை போகிறது என்றால்தான் கட்டையைப் பார்க்க வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வர வேண்டும்: 1க்கு எதிரே 6, 2க்கு எதிரே 5, 3க்கு எதிரே 4. மலிவான லூடோப் பெட்டிகளில் ஒரே எண் இரண்டு முகத்தில் அச்சான கட்டைகூட வரலாம். சீமெந்து நிலத்தில் எறிந்து எறிந்து ஒரு மூலை தேய்ந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது உப்புத் தண்ணீர்ச் சோதனை. ஒரு கிளாசில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, கரையக் கரைய உப்பைப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஆனையிறவுக் கல்லுப்பு. அடியில் உப்புக் கரையாமல் தங்கத் தொடங்கியதும் கட்டையைப் போடுங்கள். மிதந்தால், விரலால் சுண்டிச் சுண்டிவிட்டு எந்த முகம் மேலே வருகிறது என்று பத்துப் பதினைந்து தரம் குறியுங்கள். மாறி மாறி வந்தால் நல்ல கட்டை. திரும்பத் திரும்ப ஒரே முகம் ஏறி வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் பாரம், உள்ளே காற்றுக்குமிழ் இருந்தாலும் அப்படியாகும். சில கட்டைகள் எவ்வளவு உப்புப் போட்டாலும் தாழ்ந்துவிடும், அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது. அப்படியானால் 60 தரம் எறிந்து எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் பத்தையொட்டி வர வேண்டும். 5உம் 15உம் வந்தால்கூடப் பயப்பட வேண்டாம், அது வழமை. ஒரு எண் 20 தரம் வந்தால் இன்னொரு 60 எறிந்து பாருங்கள். அப்போதும் அதே எண் என்றால் கட்டையை மாற்றுங்கள்.

கட்டையில் பிழை இல்லாமல் கையில் பிழை இருக்கவும் கூடும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல வைப்பதுபோல் போடுகிறவர்கள் உண்டு. இதற்கு நாங்கள் கண்ட மருந்து சிரட்டை. உள்ளே தும்பு போக உரஞ்சிய சிரட்டை ஒன்றில் இரண்டு கட்டையையும் போட்டு, கையால் மூடி மூன்று தரம் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். பாயில் கட்டை சாய்ந்து நின்றால் அந்த எறிதல் கணக்கில்லை, இரண்டையும் திரும்ப எறிய வேண்டும். சாய்ந்த ஒன்றை மட்டும் எறிய விட்டால் அதில் ஒரு சண்டை வரும்.

அறிகுறி: "மூலை தொட்டால் காணுமோ?"

காணாது. செவ்வகத்தின் பக்கம் பக்கத்தோடு ஒட்ட வேண்டும். மூலைக்கு மூலை தொடுவதை ஏற்றுக்கொண்டால், வேலியில் பொட்டே இல்லாத இடத்தில்கூட எதிராளி மூலை வழியாக அந்தப் பக்கம் குதித்துவிடுவார். அப்புறம் வேலி போடுவதில் அர்த்தமே இல்லை. இதை ஆட்டம் தொடங்குமுன் இருவரும் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லைச் சண்டை எவ்வளவு காலம் இழுக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: "எண்ண எண்ண வேறு வேறு விடை வருகுது"

செவ்வகம் கீறிய உடனே அதன் நடுவில் பெருக்கிய விடையை எழுதுவது முதல் மருந்து. கடைசியில் கட்டம் கட்டமாக எண்ணவே கூடாது, கண் தடுமாறும். எழுதியதைக் கூட்டினால் போதும். இரண்டாவது மருந்து, மிச்சம் கிடக்கும் வெள்ளைக் கட்டங்களையும் எண்ணி மூன்றையும் கூட்டுவது. நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றும் சேர்ந்து 400 வர வேண்டும். கூடினால் யாரோ கூட எழுதியிருக்கிறார், குறைந்தால் குறைய எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் மருமகளின் கணக்கு 191, என்னுடையது 164, வெள்ளை 49. கூட்டினால் 404. நாலு கட்டம் எங்கிருந்து வந்தது? "நான் சரியாத்தான் கூட்டினனான்" என்று நின்றாள், கூட்டலும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் தாளுக்கு மேல் குனிந்து ஒவ்வொரு செவ்வகமாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். மேல் வரிசையில் 6×4 ஒன்றுக்குள் 28 என்று எழுதியிருந்தாள். அவளே கண்டுபிடித்து, அவளே வெட்டி, 24 என்று எழுதினாள். 187, 164, 49. நானூறு. அன்றைக்குப் பிறகு ஆறாம் வாய்ப்பாட்டில் அவள் பிழை விட்டதை நான் பார்க்கவில்லை. வாய்ப்பாட்டைப் பாடமாக்கச் சொல்லி அடிக்கிறவர்கள் இந்தத் தாளை ஒரு கிழமை முயன்று பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அம்மம்மா இருந்தால் முடிவைப் பரப்பிலும் குழியிலும் கேட்பார். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு கட்டத்தை ஒரு குழி என்று வைத்தால் 187 கட்டம் 10 பரப்பு 7 குழி, என்னுடைய 164 கட்டம் 9 பரப்பு 2 குழி. இப்படிச் சொன்னால்தான் யார் வென்றது என்று அவருக்கு மனதில் பதியும். பிள்ளைகளுக்கோ, 18ஆல் பிரிக்கிற பயிற்சி கேளாமலே கிடைத்துவிடுகிறது. காணி உறுதியில் எழுதியிருக்கிற பரப்பும் குழியும் என்னவென்று தெரியாமல் வளர்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு வழி.

அறிகுறி: "முதல் எறியிற ஆள்தான் எப்பவும் வெல்லுறார்"

நடுவுக்கு முதலில் போகிறவருக்கு லாபம் உண்டு, அது ஆட்டத்தின் இயல்பு. இரண்டாவது ஆள் தன் முதல் முறையில் மட்டும் இரண்டு தரம் எறிந்து, விரும்பிய எறிதலை வைத்துக்கொள்ளலாம் என்று விடுங்கள். அல்லது இரண்டு ஆட்டமாக ஆடி, தொடங்குகிறவரை மாற்றி, இரண்டையும் கூட்டுங்கள். நேரம் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் தெரிவேன்.

அறிகுறி: "ஆட்டம் இழுபடுகுது"

400 கட்டத்தை ஒரு எறிதலுக்கு 12.25 என்று நிரப்பினால் 33 எறிதல். கடைசியில் வரும் பாஸ் எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். சின்னப் பிள்ளைகளுக்கு அது நீளம். 12க்கு 12 கீறினால் 144 கட்டம், ஏறக்குறைய 12 எறிதல், கரண்ட் போய் வருகிற நேரத்துக்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சின்னத் தாளில் கதியால் நடுகிற வேலைக்கு இடமில்லை, ஒழுங்கை விழாமல் பார்க்கிற வேலை மட்டும்தான். இரண்டும் பழக வேண்டும் என்றால் 20க்கு 20தான் சரி.

கடைசிப் பாஸ்கள்தான் அலுப்பு என்றால் ஒரு சலுகை விதி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தரம் பாஸ் சொன்னவர், மூன்றாம் எறிதலில் ஒரு கட்டையை மட்டும் எடுத்து, ஒரு கட்ட அகலத்தில் அந்த நீளத்துக்குக் கீறலாம். 4 விழுந்தால் 1×4. ஒழுங்கைகள் சட்டென்று நிரம்பிவிடும். பிள்ளைகளோடு ஆடும்போது இதை வைத்துக்கொள்கிறேன். பெரியவர்களோடு வேண்டாம் என்பேன், ஒழுங்கை விட்டதற்கான விலையை இந்த விதி தள்ளுபடி செய்துவிடுகிறது.

அறிகுறி: தோற்றுத் தோற்றுச் சின்னவன் எழும்பிப் போய்விடுகிறான்

விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுதான் அவர்களுக்குக் கூட நோகும். அதற்குப் பதிலாக அவனுக்கு மூன்று கட்டை கொடுங்கள். மூன்றையும் எறிந்து, விரும்பிய இரண்டை அவன் தெரியட்டும். ஒரு 1 கிடைக்கிற வாய்ப்பு 36இல் 11, அதாவது 31 சதவீதமாக இருந்தது 42 சதவீதம் ஆகிறது. இரண்டு கட்டையும் 5 அல்லது 6 என்கிற பெரிய எறிதல் 11 சதவீதத்திலிருந்து 26 ஆகிறது. கட்டையால் கிடைக்கிற உதவியைவிட, எந்த இரண்டை எடுப்பது என்று அவன் யோசிக்கிற யோசனைதான் பெரிது. எங்கள் மருமகன் முதல் நாள் எப்போதும் பெரிய இரண்டையே எடுத்தான். மூன்றாம் நாள் 6-5-1 விழுந்தது. நான் வலது பக்கத்தில் ஒரு பொட்டை விட்டிருந்தேன். அவன் 5ஐத் தள்ளிவைத்து, 6ஐயும் 1ஐயும் எடுத்து, என் பொட்டு வழியாக அந்தப் பக்கம் நீட்டினான். அடுத்த நாள் அவனிடமிருந்து மூன்றாவது கட்டையை வாங்கிவிட்டோம். அவனும் கேட்கவில்லை.

அறிகுறி: கொப்பித் தாள் முடிந்துவிட்டது

விறாந்தைச் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கீறுங்கள், தாயத்துக்குக் கீறுவதுபோலத்தான். 12க்கு 12 போதும், கட்டம் ஒன்று நாலு விரல் அகலம். ஒருவருக்குப் புளியங்கொட்டை, மற்றவருக்குச் சோகி. செவ்வகத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று வைத்து எல்லையை வெண்கட்டியால் தடிப்பாக்கினால் யாருடையது என்று தெரியும், 1×1 என்றால் ஒன்று போதும். பெருக்கிய விடையை உள்ளே எழுத மறக்க வேண்டாம். முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தால் போய்விடும். வெண்கட்டி இல்லாமல் அடுப்புக்கரியால் கீறியிருந்தால் இரண்டு தரம் துடைக்க வேண்டும்.